லாரமி, வயோமிங்: "அங்க ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்றாங்களே, உண்மையா?

கேள்வி, பிப்ரவரி 20

என் தம்பிக்கு யூனிவர்சிட்டி ஆஃப் வயோமிங்ல ஜியாலஜி பிஎச்டி அட்மிஷன் வந்திருக்கு, ஃபண்டிங்கோட. ஊர் பேரு லாரமி, அமெரிக்காவுல வயோமிங் மாநிலம். டெக்சாஸ்ல இருக்கற எங்க சித்தப்பா "அது வெறும் காத்தும் பனியும், அங்க ஒண்ணுமே இல்ல, வேற எடம் பாக்கச் சொல்லு"ங்கறார். அங்க இருந்தவங்க யாராவது சொல்லுங்களேன், போலாமா வேண்டாமா?

பிப்ரவரி 20, ராத்திரி

போகட்டும். ஜியாலஜின்னா கண்டிப்பா போகட்டும்.

நான் இங்க படிக்க வந்து இங்கயே வேலைக்குச் சேந்தவ. உங்க சித்தப்பா சொல்ற காத்தும் பனியும் நெசம்தான், அதுல ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். ஆனா "ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்னா எனக்குக் கோவம் வருது. 2020 சென்சஸ்ல 31,407 பேர். கடல் மட்டத்துலருந்து 7,200 அடி, அதாவது நம்ம ஊட்டி உயரம், கொஞ்சம் கம்மியா. ஆனா ஊட்டி மாதிரி பச்சையா இருக்காது. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல மரமே இல்லாத புல்வெளி, அதுல ஊரு. கிழக்க லாரமி ரேஞ்ச், மேற்க ஸ்னோயி ரேஞ்ச். அந்த மாநிலத்துக்கே இருக்கற ஒரே நாலு வருஷ அரசுப் பல்கலைக்கழகம் இங்கதான் இருக்கு, பதினோராயிரம் ஸ்டூடண்ட்ஸ் போல. அப்படீன்னா ஊர்ல மூணுல ஒரு ஆள் கிட்டத்தட்ட யூனிவர்சிட்டி ஆள். டவுன்டவுன்ல ஒரு காபி கடைக்குப் போனா பக்கத்து டேபிள்ல உங்க தம்பியோட கைடு உக்காந்திருப்பார், அதுக்கு அடுத்த டேபிள்ல மாடு மேய்க்கற ராஞ்ச் ஆள் உக்காந்திருப்பார், ரெண்டு பேரும் மழை பத்திப் பேசிட்டிருப்பாங்க. பெரிய ஊர்ல இது கெடைக்காது.

மீதிய நாளைக்கு எழுதறேன்.

பிப்ரவரி 21

காத்து பத்தி. இதப் புரிஞ்சுக்கிட்டா ஊரே புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

ராக்கி மலைத்தொடர் வடக்க தெக்க நீளமா ஒரு சுவர் மாதிரி நிக்குது இல்லயா, தெற்கு வயோமிங்ல மட்டும் அந்தச் சுவர் தணிஞ்சு கெடக்கு. மேற்கலருந்து வர்ற காத்து முழுக்க அந்த வழியா நெருக்கிக்கிட்டுப் பாயுது. அதே தணிவான வழியத்தான் 1860கள்ல யூனியன் பசிபிக் ரயில்காரங்களும் தேடிக் கண்டுபுடிச்சாங்க. ரயில் 1868 மே மாசம் இங்க வந்து சேந்துச்சு, அப்பதான் லாரமின்னு ஒரு ஊரே உருவாச்சு. அதுக்கப்புறம் லிங்கன் ஹைவே, அப்புறம் ஐ-80, எல்லாமே இதே வழிதான். ஊர் இங்க இருக்கறதுக்கு என்ன காரணமோ காத்து இங்க அடிக்கறதுக்கும் அதான் காரணம். காத்து இல்லாத லாரமி வேணும்னு கேட்டா லாரமியே இருந்திருக்காது.

ஜியாலஜி தம்பிக்காக இன்னொண்ணு: மாநிலத் தலைநகர் ஷையன் பக்கத்துலருந்து மேற்க ஏறும்போது கேங்பிளாங்க்னு ஒரு எடம் வரும். மத்த எடத்துல எல்லாம் சமவெளிக்கும் மலைக்கும் நடுவுல இருந்த வண்டல் பாறை அரிச்சுப் போய் செங்குத்தா நிக்கும், இந்த ஒரு எடத்துல மட்டும் அரிக்காம ஒரு சரிவுப் பாதையா மலை மேல வரைக்கும் போகும். கிரென்வில் டாட்ஜ்னு ஒரு என்ஜினியர் 1865ல அதப் பாத்தார், ரயில் அது மேலயே ஏறிடுச்சு. கார்ல போகும்போது யாராவது சொல்லாட்டி கவனிக்கவே மாட்டோம்.

பனிக்கு வருவோம். இங்க பனி பெய்யறது பெரிய விஷயமே இல்ல, பெஞ்ச பனி ஒரு எடத்துல நிக்காது, அதான் விஷயம். காத்து அதத் தரையோட தரையா வாரிக்கிட்டு ஓடும், வானம் நீலமா இருக்கும், வெயில் அடிக்கும், ரோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. லாரமிலருந்து மேற்க ராலின்ஸ் போற ஐ-80 1970 அக்டோபர்ல தொறந்தாங்க. பழைய ரோடு வடக்க ராக் ரிவர், மெடிசின் போ வழியா சுத்திப் போகும், புது ரோட்டுக்கு தூரம் கம்மியா இருக்கணும்னு எல்க் மவுண்டன் ஓரமா நேரா போட்டாங்க. அங்க மாடு வளக்கறவங்க "அந்தப் பக்கம் குளுருல யாரும் போக மாட்டோம்"னு முன்னாடியே சொல்லியிருக்காங்க. மொத குளிர்காலமே திரும்பத் திரும்ப மூட வேண்டியதாப் போச்சு.

அப்புறம்தான் ரொனால்ட் டேப்ளர்னு ஒருத்தர் பனிவேலி ஆராய்ச்சில எறங்கினார். ரோட்டோரம் வரிசையா மரச் சட்டம் அடிச்ச பெரிய வேலி பாப்பீங்க, மொதல்ல பாக்கறவங்க அது மாட்டுக்குன்னு நெனப்பாங்க. கிட்ட போய்ப் பாருங்க: பாதி பலகை, பாதி இடைவெளி. முழுசா அடைச்சா காத்து சுழண்டு பனிய வேலி காலடிலயே கொட்டி வேலியப் புதைச்சிடும். பாதி விட்டா காத்தோட வேகம் மட்டும் கொறையும், தூக்கிட்டு வந்த பனிய வேலிக்கு அந்தப் பக்கம் மெல்ல எறக்கி வெச்சிடும். அந்தக் குவியல் வேலி உயரத்தப் போல 35 மடங்கு தூரம் வரைக்கும் நீளும், அதனாலதான் வேலிய ரோட்டுலருந்து அவ்ளோ தள்ளி வெச்சிருக்காங்க. வேலிக்கு அடியிலயும் ஒரு இடுக்கு விட்டிருப்பாங்க, அது வழியா காத்து போய் அடிப் பனிய வெளிய தள்ளிடும். வெறும் மரத்துண்டுல எவ்ளோ யோசனை பாருங்க. ஒவ்வொரு தடவையும் அத தாண்டிப் போகும்போது எனக்கு மரியாதையா இருக்கு.

பிப்ரவரி 23

"சமையலுக்கு என்ன பண்றது"ன்னு கேட்டிருந்தீங்க. குக்கர் கொண்டு வரச் சொல்லுங்க, நம்ம ஊர் விசில் குக்கர். இந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சிடும், சட்டில வெச்ச துவரம்பருப்பு மணிக்கணக்கா கொதிச்சாலும் நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு வேகாம நிக்கும். குக்கர்லயும் ஊர்ல வைக்கறத விட ரெண்டு விசில் கூட விடணும். கொண்டக்கடலைன்னா இன்னும் அதிகம். மாவு பொங்கறதுக்கு ஓவனுக்குள்ள லைட் மட்டும் போட்டு ராத்திரி பூரா வைங்க, புளிச்சு நல்லா மேல வரும். இந்தியக் கடைக்கு ஃபோர்ட் காலின்ஸ் போகணும், கொலராடோல, 65 மைல்.

பிப்ரவரி 25

"இவ்ளோ சின்ன ஊர்ல எப்படி மாநில யூனிவர்சிட்டி வந்துச்சு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பேரம்தான். 1886ல வயோமிங் இன்னும் மாநிலமே ஆகல, டெரிட்டரி, அதாவது மத்திய அரசு கைல இருந்த பகுதி. அந்தச் சட்டசபைல ஊருக்கு ஒண்ணா பிரிச்சுக்கிட்டாங்க: தலைநகரக் கட்டடம் ஷையனுக்கு, மனநல ஆஸ்பத்திரி எவன்ஸ்டனுக்கு, யூனிவர்சிட்டி லாரமிக்கு. ஸ்டீபன் டவுனின்னு லாரமிக்காரர் அந்த மசோதாவக் கொண்டு வந்தார். 1887ல வகுப்பு ஆரம்பிச்சிருச்சு, மாநிலம் ஆனது 1890. பள்ளிக்கூடம் மொதல்ல, மாநிலம் அப்புறம். ஓல்டு மெயின்னு அந்த மொதல் கட்டடம் இன்னமும் நிக்குது, ஆஃபீஸ் அங்கதான்.

லாரமிக்கு ஏற்கனவே 1872லயே ஒரு ஜெயில் கெடைச்சிருந்துச்சு. பட்ச் காஸிடின்னு பேர் போன கொள்ளைக்காரன் 1894லருந்து 1896 வரைக்கும் இதுலதான் இருந்தான், குதிரை திருட்டு கேஸ். கைதிங்க உள்ள தொடப்பம் செஞ்சு வித்திருக்காங்க. ஜெயில் மூடினதும் அந்த எடம் யூனிவர்சிட்டிக்கு மாட்டுப் பண்ணையா போச்சு, ரொம்ப வருஷம் அப்படியே ஓடி இப்ப மியூசியம். செல்லுக்குள்ள நீங்களே போய் நிக்கலாம், கை ரெண்டும் விரிச்சா சுவர்ல இடிக்கும். குளுருல அந்தக் கல்லுக்குள்ள எப்படிப் படுத்தாங்கன்னு நெனச்சாலே மனசு கேக்கல.

மார்ச் 1

இன்னைக்கு மார்ச் மொத தேதி, ஞாபகம் வந்துச்சு. 1870 மார்ச்ல லாரமில பொம்பளைங்க ஜூரில உக்காந்தாங்க. அமெரிக்காவுல அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததில்ல. ஊரு வந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல, கூடாரமும் சாராயக்கடையும்தான் ஊரே, அங்க கோர்ட்ல பொம்பளைங்க தீர்ப்பு சொல்றாங்க. அதே வருஷம் செப்டம்பர் 6, லூயிசா ஸ்வெய்ன்னு 69 வயசு பாட்டி காலைல எந்திரிச்சு ஈஸ்ட் வாங்க ஒரு பாத்திரத்தத் தூக்கிட்டுப் போயிருக்காங்க, போற வழில வாக்குச்சாவடி, உள்ள போய் பொதுத் தேர்தல்ல மொத பொம்பளையா ஓட்டு போட்டுட்டு அப்புறம் ஈஸ்ட் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. டவுன்டவுன்ல அவங்களுக்குச் சிலை இருக்கு. நான் அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவேன்.

மார்ச் 2

கீழ ஒருத்தர் "யூட்டாவுலதான் மொதல்ல ஓட்டு போட்டாங்க"ன்னு எழுதியிருக்கார். அதுவும் சரிதான், ரெண்டும் முரண் இல்ல. சட்டம் மொதல்ல போட்டது வயோமிங், 1869 டிசம்பர் 10. யூட்டா 1870 பிப்ரவரில சட்டம் போட்டு ரெண்டு நாள்லயே சால்ட் லேக் சிட்டில நகராட்சித் தேர்தல் வந்துருச்சு, செராஃப் யங்னு ஒரு டீச்சர் அதுல ஓட்டு போட்டுட்டாங்க. லூயிசா ஸ்வெய்ன் போட்டது பொதுத் தேர்தல். ஆனா யூட்டா பொம்பளைங்களோட ஓட்டுரிமைய 1887ல அமெரிக்க நாடாளுமன்றம் பிடுங்கிடுச்சு, வயோமிங்ல 1869லருந்து இன்னைக்கு வரைக்கும் அறுபடவே இல்ல. எனக்கு அதுதான் பெருசு.

மார்ச் 6

கேள்வி கேட்டவங்க தனியா ஒண்ணு கேட்டாங்க: "நம்ம கலருக்கு அங்க பாதுகாப்பா?" நேராவே சொல்றேன். தெனப்படி வாழ்க்கைல எனக்கு ஒண்ணும் ஆகல. பனில கார் மாட்டினா பேரு தெரியாத ஆள் நின்னு கயிறு கட்டி இழுத்து விட்டுட்டு தேங்க்ஸ்கூட வாங்காம போவாங்க. ஆனா இந்த ஊர் பேரு உலகத்துக்குத் தெரிஞ்சது எதனாலன்னு உங்க தம்பி தெரிஞ்சுக்கிட்டு வரணும்.

1998 அக்டோபர். மேத்யூ ஷெப்பர்ட், 21 வயசு, இதே யூனிவர்சிட்டில பொலிட்டிக்கல் சயின்ஸ் ஸ்டூடண்ட், தன்பாலின ஈர்ப்பாளர். ஊர்ப் பசங்க ரெண்டு பேர் பார்லருந்து கூட்டிட்டுப் போய் ஊருக்கு வெளிய ஒரு மரவேலில கட்டி வெச்சு அடிச்சு, அந்தக் குளுருல அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. சைக்கிள்ல வந்த ஒரு பையன் பாத்திருக்கான். அக்டோபர் 12 ஃபோர்ட் காலின்ஸ் ஆஸ்பத்திரில உயிர் போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. அந்தச் சாவ கொண்டாடறதுக்குன்னே வெளியூர்லருந்து ஒரு கும்பல் போர்டு தூக்கிட்டு வந்துச்சு, கோர்ட் வாசல்ல மேத்யூவோட ஃப்ரெண்ட்ஸ் வெள்ளைத் துணில பெரிய பெரிய சிறகு தச்சு மாட்டிக்கிட்டு அந்த போர்ட மறைச்சு வரிசையா நின்னாங்க. சத்தமே போடல.

அந்த வெறுப்புக் குற்றத்துக்கு எதிரா மத்திய அரசு சட்டம் வந்தது 2009ல, மேத்யூ பேரும், அதே வருஷம் டெக்சாஸ்ல கொல்லப்பட்ட கருப்பினத்தவர் ஜேம்ஸ் பேர்ட் பேரும் சேத்து. லாரமி நகரசபை 2015ல ஒரு விதி போட்டுச்சு, பாலின ஈர்ப்ப வெச்சு வேலை கொடுக்கறதுல வீடு கொடுக்கறதுல பாகுபாடு கூடாதுன்னு, வயோமிங்ல அப்படிப் போட்ட மொத ஊர் இதான். வெறுப்புக் குற்றத்துக்கு எதிரா மாநிலத்துக்குன்னு ஒரு தனிச் சட்டம் இன்னைக்கும் இல்ல. பல தடவை கேட்டாங்க, ஒவ்வொரு தடவையும் நடக்கல.

மார்ச் 6, மறுபடியும்

தூக்கம் வரல, கருப்பினப் பதினாலு பேர் பத்தி எழுதாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி.

1969 அக்டோபர். யூனிவர்சிட்டியோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம் அந்த சீசன்ல அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட தோக்கல. அடுத்த மேட்ச் பிரிகம் யங் யூனிவர்சிட்டியோட. அத நடத்தற மார்மன் சர்ச்ல அப்போ கருப்பினத்தவங்களுக்கு குருத்துவம் கெடையாது, 1978 வரைக்கும். டீம்ல இருந்த 14 கருப்பினப் பசங்க கைல கருப்புப் பட்டை கட்டிக்கிட்டு ஆடலாமான்னு கேக்கறதுக்கு கோச் லாய்ட் ஈட்டன் கிட்ட போனாங்க. கேக்கத்தான் போனாங்க. அவர் அங்கயே 14 பேரயும் டீம விட்டுத் தூக்கிட்டார். அந்த மேட்ச் ஜெயிச்சாங்க, ஆனா அந்த சீசனோட கடைசி நாலு மேட்சும் தோல்வி, அடுத்த வருஷம் பத்துல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க, கோச்சும் அந்தப் பொறுப்ப விட்டுப் போயிட்டார். யூனிவர்சிட்டி முறையா மன்னிப்பு கேட்டது 2019ல. அம்பது வருஷம்! அதுக்குள்ள சிலர் செத்தே போயிட்டாங்க.

அதுக்கு அடுத்த வருஷம், 2020ல, உயிரோட இருந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, அதே மார்மன் சர்ச்சோட கைகோத்து பசியில இருக்கற குடும்பங்களுக்கு லாரி லாரியா சாப்பாட்டுச் சாமான் அனுப்பினாங்க. அதுல லாரமியும் ஒரு ஊர். தங்கள வெளிய தள்ளின ஊருக்கு. இத எழுதும்போது எனக்குக் கண்ணு கலங்குது, என்ன பண்ண.

மார்ச் 7

ஒருத்தர் "இவ்ளோ சொல்லிட்டு எப்படி போகட்டும்னு சொல்றீங்க"ன்னு கேக்கறார். நியாயமான கேள்வி, காலைலருந்து யோசிச்சேன்.

கேம்பஸ்ல மேத்யூ பேர்ல ஒரு பெஞ்ச் இருக்கு, அவர் பேர்ல சமூக நீதிக்கு பல வருஷம் கருத்தரங்கம் நடந்திருக்கு. பதினாலு பேருக்கும் சிற்பம் இருக்கு. லூயிசா பாட்டிக்கும் சிலை இருக்கு. இதெல்லாம் சும்மா வந்ததில்ல, ஒவ்வொண்ணுக்கும் யாரோ பல வருஷம் மீட்டிங் மீட்டிங்கா உக்காந்து சண்டை போட்டிருக்காங்க. 2020 தேர்தல்ல வயோமிங்ல டிரம்ப் ஜெயிக்காத கவுண்ட்டி ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு நம்ம ஆல்பனி கவுண்ட்டி. எல்லாரும் ஒரே பக்கம்னு நெனச்சா தப்பு, பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் எதிரெதிரா ஓட்டு போட்டிருப்பீங்க, ஆனா பனி அள்ளும்போது அவர் உங்க வாசலயும் சேத்து அள்ளிடுவார். இதுல நான் எத நம்பறதுன்னு ரொம்ப நாள் கொழப்பமா இருந்துச்சு. இப்ப ரெண்டயும் நம்பறேன்.

மார்ச் 15

பணம். வயோமிங்ல மாநில வருமான வரி கெடையாது, ஸ்டைபண்ட்ல அது மிச்சம். ஆனா வரி இல்லாம மாநிலம் எப்படி ஓடுதுன்னா நிலக்கரி, எண்ணெய், கேஸ். அந்த வெலை விழுந்தா யூனிவர்சிட்டி பட்ஜெட்ல வெட்டு விழும். 2009ல அப்படித்தான் ஜியாலஜி மியூசியத்தையே மூடினாங்க, உள்ள 75 அடி அபடோசாரஸ் எலும்புக்கூடு இருக்கு, ஸ்கூல் பசங்க மாநிலம் பூராலருந்தும் பாக்க வர்ற எடம். ஜனங்க விடல, கத்தினாங்க, காசு போட்டாங்க, 2013ல புதுசா தொறந்துட்டாங்க. வாசல்ல செம்புத் தகடுல ஒரு டி ரெக்ஸ் நிக்கும், சாமுவேல் நைட்னு ஜியாலஜி புரொஃபசர் அவர் கையால பண்ணது.

அதனால தம்பிய ஆஃபர் லெட்டர் நல்லா படிக்கச் சொல்லுங்க. எத்தனை வருஷத்துக்கு ஃபண்டிங், சம்மர்ல உண்டா, ஹெல்த் இன்சூரன்ஸ் யார் கட்டுவாங்க, டீச்சிங்கா ரிசர்ச்சா, எல்லாம் எழுத்துல இருக்கணும். ஏப்ரல் 15 வரைக்கும் டைம் இருக்கு, யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்பட வேணாம்.

மார்ச் 24

ஐ-80 ரெண்டு பக்கமும் மூடியிருக்கு. ஊர் ஓரம் பூரா லாரி, டிரைவருங்க கடைல உக்காந்து டீவி பாத்துட்டிருக்காங்க. ரோடு நெலவரம் காட்டற அரசாங்க ஆப் ஒண்ணு இருக்கு, காலைல எந்திரிச்சதும் அதத்தான் பாப்போம்.

287 பத்தியும் சொல்லிடறேன், ஃபோர்ட் காலின்ஸ் போற ரோடு. மளிகைக்கு அதுலதான் போகணும், பல எடத்துல ரெண்டே லேன், மான் குறுக்க வரும், காத்து காரத் தள்ளும். 2001 செப்டம்பர்ல யூனிவர்சிட்டி ஓட்டப்பந்தய டீம் பசங்க எட்டு பேர் அந்த ரோட்ல ஒரே விபத்துல செத்தாங்க, எதிர்ல வந்தவன் குடிச்சிருந்தான், அவனும் ஸ்டூடண்ட்தான். அந்த எட்டு பேர் பேரு இங்க எல்லாருக்கும் தெரியும். மளிகைக்கு பகல்ல போகணும், ராத்திரி வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன்னு தம்பி கிட்ட சொல்லுங்க.

ஏப்ரல் 5

சோகமாவே எழுதிட்டேன். ஜியாலஜி எழுதறேன், அதுதான் அவர் வர்றதே.

லாரமைட் ஓரஜெனின்னு புக்ல படிச்சிருப்பார் இல்லயா, ராக்கி மலை எழும்பின காலம், அந்தப் பேரே இந்த மலைலருந்து வந்ததுதான். கிளாஸ்ல போர்டுல வரையறத ஜன்னல்ல காட்டலாம். கிழக்க அர மணி நேரத்துக்குள்ள வீடவூ, ஷெர்மன் கிரானைட், 140 கோடி வருஷப் பழசு. உருண்டைப் பாறைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி நிக்கும், இளஞ்சிவப்பு. படிகம் எல்லாம் பெருசு பெருசா துருத்திட்டிருக்கும், கை வெச்சு ஏறினா தோல் கிழியும், பாறை ஏறறவங்க வெரல்ல டேப் சுத்திக்கிட்டுத்தான் தொடுவாங்க. சாயங்காலம் வெயில் படும்போது ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் முகம் முகமா மின்னும்.

அங்கயிருந்து கொஞ்சம் போனா ஏம்ஸ் மானுமெண்ட், 60 அடி கிரானைட் பிரமிடு, 1882ல முடிச்சது. ரயில் பாதைல அப்போ அதான் உச்சி, பக்கத்துலயே ஷெர்மன்னு ஒரு ஊரும் இருந்துச்சு. பாதைய மாத்தினதும் ஊர் போயிடுச்சு. இப்ப பிரமிடு மட்டும் தனியா நடுப் புல்வெளில.

மேற்க ஸ்னோயி ரேஞ்ச். மெடிசின் போ பீக் 12,013 அடி. அந்த மலை ரோடு நவம்பர்ல மூடினா மே கடைசிலதான் தொறப்பாங்க. ஜூலைல போனா ஏரில ஐஸ் மெதக்கும், கரைல பூ பூத்திருக்கும்.

ஊருக்குள்ளயே நடக்கணும்னா பைலட் ஹில். கிழக்க இருக்கற மேட்டு நெலம், அடியில காஸ்பர்னு நெலத்தடித் தண்ணி தேங்கற பாறை, ஊர் குடிக்கற தண்ணில பெரும்பங்கு அதுலருந்துதான். 2017ல ஓனர் விக்கறேன்னு சொன்னதும் ஊரே சேந்து நெலத்தப் பொதுவாக்கிடுச்சு. இப்ப நடக்க, சைக்கிள் ஓட்ட பாதை போட்டிருக்காங்க. வீட்டுமனையா போயிருந்தா தண்ணியும் போயிருக்கும்.

ஏப்ரல் 16

அக்செப்ட் பண்ணிட்டாராமே! ரொம்ப சந்தோஷம். சித்தப்பாவ ஒரு தடவை ஜூலைல வந்து பாக்கச் சொல்லுங்க, வீடவூவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

கடைசியா கேட்டதுக்குப் பதில். ஜாக்கெட் சென்னைல வாங்க வேணாம், இங்க வந்து வாங்கட்டும், செகண்ட் ஹேண்ட் கடைலயே நல்ல தரமானது கெடைக்கும், பனிக்கு மட்டும் இல்ல காத்துக்கும் தாங்கறதான்னு பாத்து வாங்கணும். டென்வர் ஏர்போர்ட்ல எறங்கினா ரெண்டு ரெண்டர மணி நேரம் ரோட்ல, ஷட்டில் முன்னாடியே புக் பண்ணணும். மொத வாரம் மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தண்ணி நெறைய குடிக்கணும், பயப்பட வேணாம். உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கொண்டு வரட்டும். வீடு கேம்பஸ்லருந்து நடக்கற தூரத்துல பாக்கட்டும், மொத குளுருக்கு கார் வாங்க வேணாம். எந்தத் தேதில எறங்கறார்னு இங்க எழுதுங்க, குக்கர் பொட்டில வெக்க எடம் இல்லன்னா என்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு.